உருஷி பத்து நாளாகியும் பிசுபிசுப்பு: சேலம் வெயிலில் கின்ட்சுகி செய்ய முடியுமா?

கேள்வி: கன்னங்குறிச்சி

வணக்கம். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம் ஒன்று நான்கு துண்டாகிவிட்டது. வாய் விட்டம் 12 செ.மீ. உள்ளும் புறமும் சாம்பல் நிற மெருகு, அடிவளையம் மட்டும் மெருகு இல்லாத வெறும் மண். விளிம்பில் ஒரு சில்லு கிடைக்கவே இல்லை. நீளம் 6 மி.மீ., ஆழம் 2 மி.மீ. இருக்கும்.

ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியக் கூடாது என்பதுதான் நாம் பழகிய கணக்கு. தெரிந்தால் தெரியட்டும், அதன் மேல் பொன்னைத் தூவு என்கிற, கின்ட்சுகி என்ற ஜப்பானிய ஒட்டுக்கலையின் தைரியம் பிடித்துப்போய்த்தான் இதில் இறங்கியது. அந்நாளில் ஜப்பானை ஆண்ட ஷோகன் யோஷிமாசா உடைந்த கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பினார், அவர்கள் கம்பி அடித்துத் திருப்பி அனுப்பினார்கள், அது பிடிக்காமல் ஜப்பானியர் அதைத் தங்கத்தால் ஒட்டினார்கள் என்று எல்லோரும் படித்திருப்போம். அதே முறையில் செய்ய ஆசை. அதனால் எபாக்ஸிப் பசை வேண்டாமென்று, கி-உருஷி என்ற கச்சா மரப்பால் ட்யூப் வரவழைத்து, மைதாவோடு பிசைந்து ஒட்டியாயிற்று.

இப்போது பத்து நாள் ஆகிறது. இறுகவில்லை. பகலில் மொட்டைமாடி நிழலில், இரவில் ஃபேனுக்கு நேரே வைத்தேன். வெளியே 38 டிகிரி. தொட்டால் விரலில் பழுப்பாக ஒட்டுகிறது. உருஷியே போலியா? ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் சரியாகுமா? தங்கத்தூள் விலை கட்டுப்படியாகாது; செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளில் அரத்தூள் கிடைக்குமே, அதைத் தூவலாமா? முடிந்த பிறகு சூடாக காபி ஊற்றிக் குடிக்கலாமா?

—

பதில்: மாம்பால்

மற்றதெல்லாம் அப்புறம். “தொட்டால் விரலில் ஒட்டுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, வெறும் விரலா?

உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை இவற்றின் சாதி. வண்ணார் துணியில் குறி போட வைத்திருந்த சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். மாங்காய்க் காம்பு ஒடிக்கும்போது தெறிக்கிற பாலில் உதடு வெந்துபோகிற ஆளாக இருந்தால் உருஷி உங்களை அதைவிட நன்றாகவே கவனிக்கும். உடனே தெரியாது, ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். கிளம்பினால் இரண்டு வாரம் போகும். முகம், கண் வீங்கினால் கைவைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. பட்டுவிட்டால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக இறுகி முடிந்த உருஷி அரிக்காது. உங்களுடையது முடியவில்லை, அதுதான் ஆபத்தான நிலை. வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

—

பதில்: ஈரப்பெட்டி

உங்கள் உருஷி போலி இல்லை. “காயவில்லை” என்ற சொல்தான் உங்களை மொட்டைமாடிக்கு அனுப்பியிருக்கிறது.

பெயின்ட் காய்கிறது என்றால் அதிலுள்ள தின்னர் பறந்துபோகிறது. காற்றும் வெயிலும் உதவும். உருஷி அப்படி இல்லை. அந்தப் பாலில் உருஷியோல் என்ற எண்ணெய், தண்ணீர், கொஞ்சம் பிசின், கூடவே லாக்கேஸ் என்ற நொதி இருக்கின்றன. காற்றின் ஈரம் இருந்தால்தான் அந்த நொதி வேலை செய்து, ஆக்சிஜனைப் பிடித்து, உருஷியோலைக் கெட்டியாகப் பின்னுகிறது. அதற்குக் கேட்கும் சூழல் 70 முதல் 85 சதவீத ஈரப்பதம், 20 முதல் 30 டிகிரி வெப்பம். வெயில் காலச் சேலத்தில் பிற்பகல் ஈரப்பதம் இதைவிட நிறையக் குறைவு. அதற்கு மேல் ஃபேன் வேறு. துணி காயப் போடும் புத்தியில் செய்தால் உருஷி ஆறு மாதமானாலும் இப்படியே இருக்கும்.

முதலில் ஈரப்பெட்டி. ஜப்பானியர் முரோ அல்லது ஃபுரோ என்பார்கள். மூடியுள்ள தெர்மகோல் பெட்டி போதும். அடியில் நனைத்துப் பிழிந்த துண்டு, அதன் மேல் இரண்டு மரச்சட்டம், சட்டத்தின் மேல் கிண்ணம். துண்டு கிண்ணத்தில் படக் கூடாது. ஈரமானி ஒன்றை உள்ளே வையுங்கள். கண்ணளவில் சொல்ல முடியாது. மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தச் சொட்டு உருஷி மேல் விழுந்தால் தடம் விடும். மூடிக்கு அடியில் ஒரு காய்ந்த துணி கட்டிவிடுங்கள்.

சேலத்துக்கு இதைவிட நல்லது நம் மண்பானை. வாய் அகலமான பெரிய பானையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே மரச்சட்டம் வைத்து, அதன் மேல் கிண்ணத்தை வைத்து, வாயைத் தட்டால் மூடி, பானையைச் சுற்றி நனைத்த சாக்குப் போட்டுவிடுங்கள். ஈரமும் கிடைக்கும், உள்ளே வெப்பமும் வெளியைவிடப் பல டிகிரி இறங்கும். குடிதண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான். வெளிக்காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நன்றாகக் குளிரும். சாக்கைக் காலையும் மாலையும் நனைத்தால் போதும்.

இப்போது இருக்கிற ஒட்டைக் காப்பாற்ற முடியுமா? இரண்டு வாரம் ஈரப்பெட்டியில் விட்டுப் பாருங்கள். கூடவே ஒரு கண்ணாடித் துண்டில் அதே ட்யூப்பிலிருந்து மெல்லிசாக, தேநீர் நிறம் தெரிகிற அளவு தேய்த்து உள்ளே வையுங்கள். அது ஒரு நாளில் இறுகினால் உருஷி உயிரோடு இருக்கிறது. இரண்டு நாளாகியும் இழுபட்டால் நொதி செத்துவிட்டது. வெயில் காலத்தில் வெளியே கிடந்த ட்யூப்புக்கு இது நடக்கும், இனி குளிர்பெட்டியில் வையுங்கள். கண்ணாடி இறுகி, கிண்ணம் மட்டும் இறுகவில்லை என்றால் பிரஷ்ஷில் எண்ணெய் இருந்திருக்கும். உருஷிப் பிரஷ்ஷை எண்ணெயில் கழுவுவதுதான் முறை. ஆனால் அடுத்த தடவை எடுக்கும்போது அந்த எண்ணெயை டர்பன்டைனில் நன்றாக அலசி எடுக்காவிட்டால் பூசியது முழுக்க வீண். கடைசியாக, பூச்சு தடிமனாக இருந்திருக்கலாம். மேலே தோல் போல மூடிக்கொண்டு உள்ளே களியாக நிற்கும், கூடவே சுருங்கும்.

இரண்டு வாரத்திலும் அசைகிறது என்றால் பிரித்துவிடுங்கள். இறுகாத உருஷி டர்பன்டைனில் கரையும். முழுக்கத் துடைத்து, வென்னீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு மறுபடி இப்படி:

உடைந்த ஓரங்களின் கூர்முனையை வைர அரத்தால் இலேசாக, நகம் மாட்டாத அளவுக்கு மட்டும் மழுக்குங்கள். பிறகு டர்பன்டைனில் இளக்கிய கி-உருஷியை ஓரங்களில் தடவி, உடனே துடைத்து, ஒரு நாள் ஈரப்பெட்டி. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வெறும் மண் ஓரம் ஒட்டுப் பசையிலிருந்து உருஷியை உறிஞ்சிக்கொண்டு மாவை மட்டும் விட்டுவிடும், பிறகு ஒட்டு ஏன் பிரிந்தது என்று கேட்பார்கள். உங்கள் அடிவளையம் மெருகில்லாதது என்பதால் அங்கே ஒட்டுக்கு இரு புறமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் மண்ணில் உருஷி இறங்கினால் அந்தக் கறை போகாது.

அடுத்தது முகி-உருஷி. மைதாவில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, காதுமடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்தப் பதத்துக்குப் பிசையுங்கள். அதே அளவு கி-உருஷியை மூன்று நான்கு தவணையாகச் சேர்த்து, கரண்டி தூக்கினால் நூலாக இழுபடும்வரை குழையுங்கள். இழுவை வருவது கோதுமையின் பசைப் புரதத்தால். சேலத்துக்காரர் கையில் மரவள்ளி ஸ்டார்ச் சும்மா கிடக்கிறதே என்று அதைப் போடத் தோன்றும். அதில் அந்தப் புரதம் இல்லை, இழுவை வராது.

இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் காற்றில் விட்டு, மேல்பளபளப்பு அடங்கியதும் அழுத்தி ஒட்டுங்கள். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்று பசை இல்லாமல் ஒரு தடவை ஒத்திகை பார்த்து, பென்சிலில் எண் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு துண்டில் மூன்றை ஒட்டிவிட்டு நான்காவது நுழைய வழியில்லாமல் நிற்பது கின்ட்சுகியின் நித்திய கூத்து. மாஸ்கிங் டேப்பால் இறுக்கி, ஈரப்பெட்டியில் மூன்று வாரம். ஒட்டின் நடுவுக்கு ஆக்சிஜன் மெதுவாகத்தான் போகும், அதனால் வெளியே பிதுங்கியது கல்லானாலும் உள்ளே நம்பாதீர்கள்.

—

பதில்: சேர்வராயன்

ஏற்காட்டுக் கேள்விக்கு. சுமார் 1500 மீட்டர் உயரம், மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் இடம், உருஷிக்குச் சொர்க்கம் என்றுதான் தோன்றும். பாதிதான் உண்மை.

ஏப்ரல், மே என்றால் சேலத்தைவிட இங்கே எளிது. பெட்டிக்குள் ஈரத்துண்டு ஒன்று போதும், பானை வேண்டாம். மழைக்காலத்தில் கதை மாறிவிடும். சுவரே வியர்க்கும் அந்த நாட்களில் ஈரம் 90ஐத் தாண்டும். அப்போது துண்டே இல்லாமல், மூடியைக் கொஞ்சம் திறந்தும் வைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் உருஷி அவசரமாக இறுகும். மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்கி, கொதித்த பாலின் ஆடை மாதிரி மடிப்பு விழும், நிறமும் கறுக்கும். முகி-உருஷியில் மாவு இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நேர் எதிர்த் தொல்லை: 15 டிகிரிக்குக் கீழே போனால் நொதி சோம்பிவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் வென்னீர்ப் பாட்டில் ஒன்று வைப்பார்கள்.

ஒட்டாத கிண்ணத்தை மலையேற்றுவது இன்னொரு வம்பு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. முகி-உருஷி இறுகுமுன் அத்தனை குலுக்கல் பட்டால் ஒட்டு அரை மில்லிமீட்டர் நழுவும், அந்தப் படிக்கட்டு கடைசிவரை விரலில் தட்டும். சேலத்திலேயே பானையில் வையுங்கள்.

சில்லு நிரப்புவது பற்றி ஈரப்பெட்டி சொல்லவில்லை. 2 மி.மீ. ஆழத்தை ஒரே தடவையில் பட்டி போட்டு நிரப்பினால் உள்ளே இறுகாது. முதலில் கொகுசோ: முகி-உருஷியோடு மாவுச் சல்லடையில் சலித்த மரத்தூள் சேர்த்து, களிமண் போலப் பிடிக்கும்வரை பிசைந்தது. அதைப் பள்ளத்தில் முக்கால் பங்கு வரை அமுக்கி, ஒரு வாரம் விடுங்கள். மரத்தூள் தேக்காக இருக்கக் கூடாது, அதிலேயே எண்ணெய் உண்டு. எஸ்டேட் பக்கம் சில்வர் ஓக் தூள்தான் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் சிலருக்குத் தோலில் அரிப்பு கிளப்பும் மரம், முகமூடி இல்லாமல் சலிக்காதீர்கள்.

அதன் மேல்தான் சபி-உருஷி. டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பார்களே, அதே வேலை. டோனோகோ என்ற நுண்ணிய மண்தூளைத் தண்ணீரில் பேஸ்ட் ஆக்கி, தூள் இரண்டு பங்குக்கு உருஷி ஒன்று முதல் ஒன்றரை பங்கு சேர்க்கணும். ஒரு பூச்சு அரை மில்லிமீட்டர், இரண்டு நாள் விட்டு அடுத்தது. உருஷி குறைந்தால் தேய்க்கும்போது பொடிப்பொடியாக உதிரும், கூடினால் சுருங்கும். டோனோகோ கிடைக்காவிட்டால் குயவர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேல்கலங்கலை மட்டும் வடித்து, தெளியவிட்டு உலர்த்திய வண்டல் நடக்கும். செங்கல் பொடி வேண்டாம், எவ்வளவு சலித்தாலும் கீறும்.

தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று ஏறுங்கள். கையளவு பேப்பரை மடித்துத் தேய்த்தால் கிண்ணத்தின் மெருகு போய்விடும். அரை செ.மீ. சதுரத் துண்டுகளாக வெட்டி, ஒட்டின் மேல் மட்டும், தண்ணீர் தொட்டு. ஒட்டைக் கண்ணை மூடித் தடவினால் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது, அதுவரை நிறுத்தாதீர்கள். வெள்ளி தூவிய பிறகு குறை மறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெள்ளி எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

—

பதில்: செவ்வாய்ப்பேட்டை

கொலுசு அரத்தூள் பற்றி. வேண்டாமுங்க.

அந்தத் தூளில் வெள்ளி மட்டும் இருக்காது. கொலுசில் செம்பு கலந்திருக்கும், பற்றவைத்த இடத்துப் பொடியில் துத்தநாகம் இருக்கும், சிலதில் காட்மியமும் இருக்கும், அது வாய் வைக்கிற பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது. வெங்காரம், அரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு, தரைக்குப்பை எல்லாம் அதில் சேர்த்திதான். சுத்தம் பண்ணினாலும் பருமன் ஒத்துவராது. அரத்தூள் ஒவ்வொன்றும் வளைந்த சுருள். உருஷிக் கோட்டில் படுக்காமல் நட்டுக்கொண்டு நிற்கும், சாம்பல் மாதிரித் தெரியும்.

வழி இருக்கு. இனிப்பு மேலே ஒட்டுகிற வெள்ளி ரேக்கு வாங்குங்க. ஜப்பானில் கெஷி-ஃபுன் என்கிற மிக நுண்ணிய தூளே தங்க, வெள்ளி ரேக்கை மாவுச்சத்துப் பாகில் அரைத்து எடுப்பதுதான். நம்மிடம் தேன் இருக்கே. பீங்கான் தட்டில் அரை ஸ்பூன் தேன், அதில் ஒவ்வொரு ரேக்காக விட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துக்கிட்டே இருங்க. இருபது ரேக்குக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் செதில் செதிலாகத்தான் வரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்க. மூன்று தடவை இப்படி. தேன் மிச்சமிருந்தால் தூள் கட்டி கட்டும். நிழலில் உலர்த்தி, பட்டுத்துணியில் சலித்து வையுங்க.

ரேக்கு அசலா என்று பாருங்க, வெள்ளி என்று அலுமினியம் விற்கிறார்கள். காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு துணுக்கு போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும், வெள்ளி அப்படியே கிடக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டுச் செய்யுங்க.

தூவுகிற நேரம்தான் உயிர்நாடி. தேய்த்து முடித்த ஒட்டின் மேல் கறுப்பு உருஷி ஒரு கோடு, இரண்டு நாள் இறுகவிட்டு 1000, 1500 பேப்பரில் இலேசாக மட்டம். கடைசியாகச் செந்நிற பெங்காரா உருஷி, அதாவது இரும்பு ஆக்சைடு கலந்தது. ஜப்பானியர் வெள்ளிக்கு அடியில் கறுப்பையே வைப்பதும் உண்டு. எவ்வளவு மெல்லிசு என்றால், கோடு போட்ட பிறகு பிரஷ்ஷின் மயிர்த்தடம் தானாக அடங்கணும், ஆனால் குவியக் கூடாது. உடனே தூவினால் தூள் மூழ்கிப் போய் மங்கலாகும். ஈரப்பெட்டியில் வைத்து அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து, கோட்டின் மேல் வாயால் ஆவி ஊதிப் பாருங்க. ஆவி படிந்து இலேசாக நீலம் பாய்ந்தால் அதுதான் பதம். வறண்ட வீட்டில் இது எப்போது வரும் என்று கணக்குச் சொல்ல முடியாது. அரை மணியிலும் வரும், மூன்று மணியும் ஆகும். பட்டுப் பஞ்சில் தூளைத் தொட்டு, கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிற மாதிரி ஒத்துங்க. தேய்க்காதீங்க. ஃபேனை அணைக்கணும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நாள் கழித்துப் பஞ்சால் இலேசாகத் துடைத்தால் மெருகு வரும். கெஷி-ஃபுன் அழகாக இருக்கும், உழைக்காது. தினமும் வாய் படுகிற விளிம்புக்கு மருஃபுன் என்ற உருண்டைத் தூள்தான் சரி. அதன் மேல் இளக்கிய உருஷியை ஒத்தி எடுத்து, இறுகியதும் அகேட் கல்லால் மெருகு போடணும். நம் பட்டறை மெருகு வேலை போலத்தான். அந்த நாளில் அங்கே மீன் பல்லை வைத்துத் தேய்த்தார்களாம், டாய் என்ற கடல்மீனின் பல்.

வெள்ளி கறுக்கும். சபீனா போட்டுத் தேய்த்துவிடாதீங்க, ஒரே நாளில் கோடு காணாமல் போகும்.

—

மீண்டும்: கன்னங்குறிச்சி

எல்லோருக்கும் நன்றி. கிண்ணம் பானைக்குள் போயாயிற்று, ஃபேனை நிறுத்தியாயிற்று, கையுறையும் வாங்கியாயிற்று. கண்ணாடித் துண்டில் தடவியது ஒரே நாளில் இறுகிவிட்டது. காபி பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று: நம் ஊர் அரக்கும் இதுவும் ஒன்றா? கடையில் “லாக்கர்” என்று கேட்டால் அரக்கைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

—

பதில்: ஈரப்பெட்டி

இரண்டும் வேறு. அரக்கு பூச்சி சுரப்பது; சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். சன்னபட்டணத்து மரப்பொம்மைகளில் கடைசலிலேயே ஏற்றுவது அதுதான். உருஷி மரத்துப் பால். ஒரு தடவை இறுகினால் சாராயம், டர்பன்டைன் எதிலும் கரையாது. அரக்கால் ஒட்டிய கிண்ணத்தில் காபி ஊற்றினால் கிண்ணம் ஒரு கையிலும் காபி மடியிலும் இருக்கும். கடையில் “கேஷ்யூ” என்று ஜப்பானிய பெயின்ட் ஒன்றும் கிடைக்கலாம். அது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்தது, பார்க்க உருஷி போலவே இருக்கும், ஈரப்பெட்டியும் வேண்டாம். காட்சிப் பொருளுக்குச் சரி, உணவுப் பாத்திரத்துக்கு வேண்டாம்.

காபி குடிக்கலாம். கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் சும்மா வையுங்கள். முதல் சில நாள் வென்னீர் ஊற்றி, மணம் போகும்வரை கொட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது, உலோகம் இருக்கிறது. அடுப்பில் வைக்கக் கூடாது, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கம்பி நாரும் கூடாது. எபாக்ஸி வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு இந்த இடத்தில்தான் பலன் தரும்: சாதாரண எபாக்ஸி 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும், உணவு படும் இடத்துக்கு ஏற்றதென்று அதை விற்பதும் இல்லை.

யோஷிமாசா கதை பற்றி ஒரு திருத்தம். அந்தக் கிண்ணம் இன்றும் இருக்கிறது. சீனாவின் லோங்சுவான் பச்சைமெருகுக் கிண்ணம், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில். பெயர் பகோஹான். அதில் தங்கம் இல்லை. அந்தக் கம்பிகள் அப்படியே இருக்கின்றன, அட்டைப்பூச்சி போல இருக்கிறதென்று அதற்காகவே அதைக் கொண்டாடினார்கள். கம்பி பிடிக்காமல் தங்கத்துக்கு மாறினார்கள் என்பது பின்னால் வந்த ஒட்டு. உருஷியால் பானை ஒட்டும் வழக்கம் ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்திலேயே உண்டு. தூள் தூவுவது மக்கியே என்ற உருஷி ஓவிய வேலையிலிருந்து வந்தது. தங்க ஒட்டைப் பார்க்க வேண்டுமானால் ஹொன்னாமி கோஎட்சு என்ற ஜப்பானியக் கலைஞரின் ‘செப்போ’ கிண்ணத்தின் படத்தைத் தேடுங்கள். சூளையில் விழுந்த வெடிப்பு, அதில் தங்கம், உருகிய பனி ஓடை மாதிரி இறங்கும். சுவரில் மாட்டும் தன்னம்பிக்கை வாசகங்கள் கின்ட்சுகியை என்ன பாடுபடுத்துகின்றன என்பது அதைப் பார்த்தால் புரியும்.

கண்ணாடி ஒரு நாளில் இறுகியது நல்ல செய்தி. கிண்ணத்தை இன்னும் பதினைந்து நாள் திறந்து பார்க்காதீர்கள், சாக்கை மட்டும் நனையுங்கள். பிதுங்கி நிற்கும் உருஷியை இப்போது சுரண்ட வேண்டாம். மூன்று வாரம் முடிந்ததும் கத்தி முனையால் தட்டினால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்க வேண்டும். ரப்பர் போல வளைந்தால் மறுபடி மூடிவிடுங்கள்.